பாற்போத்தல் மூடியும் பீரங்கி வண்டியும்



போன இதழில் பழைய சேலைக் கரையில் யன்னல் திரைச்சீலை தைப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை நான் சொல்லப்போகும் கைவேலையைக் கேட்டால், "இவவுக்கு என்ன பிடிச்சது?" என்று சிரிப்பீர்கள். ஒரு பீரங்கி வண்டி! அதுவும் நம் காலத்துப் பீரங்கி வண்டி அல்ல. இன்னும் 38,000 ஆண்டு கழித்து நடக்கப்போவதாகச் சொல்லப்படும் ஒரு கற்பனைப் போரில் ஓடுகிற வண்டி. பாற்போத்தல் மூடி, பொத்தான், நெளிமட்டை, கசகசா எல்லாம் சேர்த்து, எங்கள் லண்டன் வீட்டுக் குசினி மேசையில் வைத்துச் செய்தது.

விஷயம் இப்படித் தொடங்கியது. ஒரு மாதமாக வீட்டில் சாமான்கள் காணாமல் போயின. பாற்போத்தல் மூடி, பற்பசை மூடி, காலையில் சாப்பிடும் தானியப் பெட்டி, கடைசியில் என் தையல் பெட்டியிலிருந்து பொத்தான்களும். எலியாக இருக்குமோ என்று பார்த்தால், எலி பொத்தான் தின்னாது. தேடிப் பார்த்தேன். மகனின் கட்டிலுக்குக் கீழே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய எல்லாம் இருந்தன.

"என்ன தம்பி இது, குப்பை சேர்க்கிறியோ?"

"குப்பை இல்லை அம்மா. பீரங்கி வண்டி செய்யப் போறன்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. "இந்த வீட்டுக்குள்ளை பீரங்கி ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். என் மகனுக்குப் பதினாலு வயது. போன வருடம் நாங்கள் வீடு மாறியபோது அவனுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது. அதற்குப் பிறகு பிள்ளையின் முகமே மாறிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி போனபடியே திரும்பி வரும். கேட்டால் "பசிக்கேல்லை" என்பான். கூட இருந்து சாப்பிட ஆள் இல்லாமல் அந்த நேரம் முழுவதும் நூலகத்தில் போய் இருக்கிறான் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சாப்பாட்டுப் பெட்டி பொய் சொல்லாது. பிறகு புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் முடிந்ததும் கூடுகிற ஒரு விளையாட்டுக் குழுவில் சேர்ந்தான். அன்றிலிருந்து பெட்டி காலியாக வருகிறது. அந்தக் குழுவில் விளையாடுவதுதான் இந்தப் போர் விளையாட்டு.

அதன் பெயர் வார்ஹாமர் 40,000. நாட்டிங்ஹாம் நகரிலுள்ள கேம்ஸ் வர்க்‌ஷாப் என்ற கம்பெனி 1987இல் வெளியிட்டது. ரிக் பிரீஸ்ட்லி என்பவர் அமைத்தது. கட்டைவிரல் கணு அளவு உயரமான போர்வீரர் உருவங்களை வாங்கி, ஒட்டி, வர்ணம் தீட்டி, 6 அடிக்கு 4 அடி மேசையில் அணிவகுத்து நிறுத்துவார்கள். தையற்காரர் வைத்திருக்கிற மாதிரி அளவு நாடாவைப் பிடித்து இத்தனை அங்குலம் என்று நகர்த்துவார்கள். அடி பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். நாங்கள் சின்ன வயதில் தாயம் விளையாடியது போலத்தான், சண்டை மட்டும் பெரிது.

உருவங்களின் விலைதான் தலையைச் சுற்ற வைக்கிறது. அவன் ஆசைப்பட்ட பீரங்கி வண்டிப் பெட்டியின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமை மரக்கறி வாங்கலாம். அவன் கேட்கவும் இல்லை. தானே செய்து கொண்டு போகலாம், அளவு ஒத்திருந்தால் போதும் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் மூடி சேர்த்திருக்கிறான். அந்த விளையாட்டு வந்த புதிதில் கடையில் வாகனங்கள் கிடைக்காமல், டியோடரன்ட் டப்பாவைப் படுக்கவைத்து அந்தரத்தில் பறக்கும் வண்டி செய்து விளையாடினார்களாம். காசில்லாதவன் கண்டுபிடிக்கிற வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இரவு என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீர் ஏன் இப்பிடிப் பயப்பிடுறீர்? நாங்கள் சின்னனிலை பனைமட்டையிலை துவக்குச் செய்து விளையாடேல்லையே?"

விளையாடினோம்தான். நுங்குக் கோம்பை இரண்டைத் தடியில் கோர்த்து வண்டி செய்து அண்ணாவும் நானும் ஒழுங்கை முழுக்க உருட்டினோம். ஆனால் எனக்குப் பத்து வயது தாண்டியபோது யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்குள் பதுங்குகுழி வெட்டியாகிவிட்டது. மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. தூரத்தில் 'டும்' என்று ஒரு குத்துச் சத்தம் கேட்டதும் உள்ளே இறங்கி விடுவோம். அம்மம்மா விரலை மடித்து மடித்து "முருகா, முருகா" என்று எண்ணுவா. சில நாள் ஐந்து முருகா, சில நாள் பத்து முருகா. பிறகு எங்கேயோ விழும். எங்கேயோ என்றால் எங்களுக்கு இல்லை, வேறு யாருக்கோ. 1995 ஒக்டோபர் 30இல் ஊரே வெளிக்கிட்டு நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. இத்தனைக்கும் அந்த ஷெல்லை அடிக்கிற பீரங்கியை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. சத்தம் மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் நான் என் பிள்ளைக்குச் சொன்னதும் இல்லை.

இரண்டு நாள் கழித்து குசினிக்குள் போனேன். அவன் மரக்கறி வெட்டுகிற மொட்டைக் கத்தியால் மட்டையை அறுத்துக்கொண்டிருந்தான், அதுவும் உள்ளங்கைக்கு நேராக! கத்தியைப் பறித்தேன். "வெட்டத்தான் வேணுமெண்டால் ஒழுங்கா வெட்டு, இஞ்சை கொண்டா" என்று பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். சம்மதம் கொடுத்தேனா என்று கேட்டால், எனக்கே தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

அளவு எடுத்தல்

கற்பனை வண்டி என்றாலும் உண்மையான ஒன்றைப் பார்த்து அளவெடுத்தால்தான் பார்வைக்கு நம்பும்படி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய எம்7 என்ற அமெரிக்க வண்டியை மகன் தெரிந்தெடுத்தான். டாங்கியின் அடிப்பாகத்தின் மேல், கூரையில்லாத பெட்டியில் பீரங்கியை ஏற்றிய வண்டி அது. ஒரு பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கிக்காக வட்டமாக ஒரு மேடை இருக்கும். அது தேவாலயத்தில் பாதிரியார் நின்று பிரசங்கம் செய்யும் மேடை போல இருந்ததால், ஆங்கிலேயர் அதற்கு 'பிரீஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1942இல் எல் அலமேன் சண்டையில் அது ஓடியது.

அதன் நீளம் சுமார் 6 மீட்டர். அகலம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உருவங்களின் உயரத்துக்கு 56இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால், நீளம் ஏறக்குறைய 11 செ.மீ., அகலம் 5 செ.மீ. வரும். ஆனால் இந்த விளையாட்டில் எல்லாமே கொஞ்சம் கொழுத்துத்தான் இருக்கும். அதனால் அகலத்தை 7 செ.மீ. ஆக்கினோம். நடுவுடல் 4 செ.மீ., இரு பக்கமும் சங்கிலிப் பட்டைக்கு 1.5 செ.மீ.

தேவையான பொருள்கள்

தானியப் பெட்டி மட்டை 2, 5 மி.மீ. தடிப்புள்ள நுரைமட்டை ஒரு தாள், 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒரு தாள் (மாதிரி உருவங்கள் விற்கும் கடையில் கிடைக்கும்), நெளிமட்டைத் துண்டு, 1.5 செ.மீ. அளவான மேலங்கிப் பொத்தான் 12, பாற்போத்தல் மூடி 1, மை முடிந்த பேனை 1, அதன் வாயில் பொருந்தும் சின்ன மூடி 1, காது துடைக்கும் பஞ்சுக் குச்சி 2, மூங்கில் குச்சி 1, சின்னத் திருகாணி 1, கசகசா ஒரு சிட்டிகை, வெள்ளைப் பசை, பிளாஸ்டிக் ஒட்டும் பசை.

செய்முறை

சட்டை வெட்டும்போது நேரே துணியில் கத்தரிக்கோல் வைப்போமா? மாட்டோம். அதேபோல முதலில் தானியப் பெட்டி மட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பாருங்கள். என் மகன் நேரே நுரைமட்டையை வெட்டி முதற் பெட்டியைப் பாழாக்கினான். அடிப்பலகை 4 செ.மீ., முன்பலகையும் 4 செ.மீ. என்று வெட்டிவிட்டான். இரு பக்கப் பலகைகளும் வந்ததும் இடிக்கிறது! "பக்கப் பலகையின்ர தடிப்பு எங்கை போகும் தம்பி?" என்று கேட்டேன். பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் 1 செ.மீ. குறைத்து, முன்பலகையை 3 செ.மீ. ஆக வெட்ட வேண்டும். தையலில் விளிம்புக்கு இடம் விடுகிறவர்களுக்கு இது தானாகவே வரும். அன்றைக்குத்தான் அவன் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தான்.

துண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டி, இறப்பர் வளையம் போட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மேலே பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்த வேண்டும். தகட்டை அறுத்து முடிக்கத் தேவையில்லை. அடிமட்டத்தை வைத்து இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறிவிட்டு மடித்தால் அப்பளம் போல நேராக முறியும். தகட்டை நுரைமட்டையில் ஒட்ட இருபக்க ஒட்டு நாடா போதும். தகட்டோடு தகடு ஒட்டத்தான் பிளாஸ்டிக் பசை. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்பதால் ஒரு துளி போதும்.

பொத்தான்களைப் பக்கத்துக்கு ஆறாக வரிசையாக ஒட்டினால் சக்கரம். சங்கிலிப் பட்டைக்கு நெளிமட்டையின் ஒரு பக்கத் தாளை லேசாக நனைத்து உரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வரிவரியான நெளிவு அப்படியே சங்கிலி போல இருக்கும். 1.5 செ.மீ. அகலத்தில் வெட்டிச் சக்கரங்களைச் சுற்றி ஒட்டி, மேலே தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை பூசினால் இறுகிவிடும்.

பீரங்கிக் குழாய்க்குப் பேனை. அதன் வாயில் மூடியை மாட்டிப் பக்கங்களில் துளையிட்டால், வெடிக்கும்போது புகை வெளியேறும் வாய் போல இருக்கும். குழாயின் கீழே பஞ்சுக் குச்சித் தண்டு இரண்டை ஒட்டுங்கள். பின்னுதைப்பைத் தாங்கும் உருளைகள் இவை. (இங்கிலாந்தில் 2020 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் தண்டுக் குச்சி விற்கத் தடை. கடதாசித் தண்டும் இதற்குப் போதும்.) தகட்டில் இரண்டு கன்னங்கள் வெட்டித் துளையிட்டு, மூங்கில் குச்சியை ஊடாகக் கோர்த்தால் குழாய் மேலும் கீழும் அசையும். கன்னங்கள் நிற்பது பாற்போத்தல் மூடியின் மேல்.

இந்த இடத்தில்தான் நாங்கள் தடுமாறினோம். மூடியை எந்தப் பசையால் ஒட்டினாலும் காலையில் எழுந்து பார்த்தால் கழன்று கிடக்கும். மூன்று பசை மாற்றினோம். பிறகுதான் விளங்கியது, பால் மூடி செய்கிற பிளாஸ்டிக் வேறு சாதி. எண்ணெய் பூசியது போல் எந்தப் பசையையும் பிடிக்காது. கடைசியில் நடுவில் துளையிட்டு ஒரு திருகாணியை இறுக்கினோம், கன்னங்களையும் கம்பியால் மூடியில் கட்டினோம். பார்த்தால் பீரங்கி இப்போது வட்டமாகத் திரும்பவும் செய்கிறது! தோல்வியில் வந்த லாபம்.

வண்டியின் பின்புறம் தகட்டில் மண்வெட்டி போல ஒன்று வெட்டி ஒட்டினோம். பெரிய பீரங்கி வண்டிகள் சிலவற்றில் இது உண்டு. சுடும்போது வண்டி பின்னால் வழுக்காமல் நிலத்தில் ஊன்றிக்கொள்ளும்.

அடுத்தது தறைகள். இரும்புத் தகட்டில் வரிசையாக இருக்குமே, அந்தத் தறை ஆணித் தலைகள். கடுகை ஒட்டிப் பார்த்தேன், தேங்காய் அளவில் தெரிந்தது. பிறகு கசகசா. அச்சாக அமைந்தது! தூரிகை நுனியைப் பசையில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு நாற்பது. பொறுமை வேண்டும், காற்றாடியை நிறுத்திவிட வேண்டும், தும்மக் கூடாது.

அந்தக் கசகசா ஒட்டிய இரவில்தான் பேச்சு வந்தது. இந்த வண்டிக்கு விளையாட்டில் ஒரு தனிச் சலுகை இருக்கிறதாம். மற்ற உருவங்கள் கண்ணுக்குத் தெரிகிற எதிரியைத்தான் சுடலாம். இது சுவருக்கு அப்பால், மலைக்கு அப்பால், காணாத இடத்துக்கும் அடிக்கலாம்.

"உண்மையிலையும் அப்பிடியே அம்மா?"

"ஓம். காணாத இடத்துக்குத்தான் அடிக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கையில் கசகசா ஒட்டிய தூரிகை. தலை நிமிராமலே சொன்னேன். பதுங்குகுழி, பனங்குற்றி, அம்மம்மாவின் முருகா, எல்லாம். முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் துணிவு வரும் போலிருக்கிறது. அவன் இடையில் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் "அம்மம்மா எண்ணினது உதவிச்சுதோ?" என்று மட்டும் கேட்டான். "எங்களுக்கு அழாமல் இருக்க உதவிச்சுது" என்றேன்.

அந்தக் கிழமை அவன் நூலகத்தில் தேடி ஒரு சேதி கொண்டுவந்தான். எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்த கதை எழுதியவர், 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஈய வீரர்களைத் தரையில் நிறுத்தி, வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரத்துண்டு அடித்து வீழ்த்தும் விளையாட்டின் விதிகள் அதில் இருக்கின்றன. இன்றைக்கு இந்த விளையாட்டுக்காரர்கள் முன்னோடி என்று போற்றும் புத்தகம். அதன் முடிவில், நிஜப் போர் எவ்வளவு மடத்தனமானது என்பது இந்தச் சின்னப் போரை மூன்று நான்கு தரம் விளையாடினாலே விளங்கிவிடும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம், 1914இல், உலகப் போர் தொடங்கியது. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாரே என்று எனக்கு இருந்தது.

வர்ணம்

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் வீட்டுக்கு நல்லது. முதலில் முழுவதும் கறுப்பு. காய்ந்ததும் மங்கிய பச்சை. பிறகு கபில நிறத்தைக் கஞ்சித் தண்ணீர் போலக் கரைத்து ஊற்றிவிட்டால், இடுக்குகளிலும் தறைகளைச் சுற்றியும் தேங்கி அழுக்குப் படிந்தது போல் ஆகும். கடைசியில் பழைய தூரிகையில் சாம்பல் வர்ணம் தொட்டு, கடதாசியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். ஒவ்வொரு கசகசாவும் இரும்பாகித் தெரியும். நான் செய்து பார்க்கும்வரை நம்பவில்லை.

சில எச்சரிக்கைகள்

கத்தி மொட்டையானால் உடனே அலகை மாற்றுங்கள். மொட்டைக் கத்திதான் அழுத்தத்தில் வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். கழிந்த அலகைக் குப்பையில் எறியாமல் ஒரு பேணியில் போட்டு மூடுங்கள். ஒரே வெட்டில் முடிக்க நினையாமல் பல தரம் மெதுவாகக் கீறுங்கள்.

பிளாஸ்டிக் பசையும் உடனொட்டுப் பசையும் ஆவி விடும். யன்னலைத் திறந்து வையுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டினால் விடும். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடனொட்டுப் பசையும் தெளிக்கும் வர்ணமும் சில வகை நுரையைக் கரைத்துவிடும். நுரைமட்டையின் வெட்டு விளிம்புகளுக்கு முன்கூட்டியே வெள்ளைப் பசை பூசிக் காயவிடுங்கள்.

உப்புத்தாள் போடும்போது நனைத்துத் தேய்த்தால் தூசி மூச்சில் போகாது. பொத்தான், திருகாணி எல்லாம் தவழும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குசினி மேசையில் செய்தால் வேலை முடிந்ததும் நன்றாகத் துடைத்த பிறகே சாப்பாடு வையுங்கள்.

வண்டி முடிந்தது. இந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுவது விளையாட்டுக்காரர்களின் வழக்கமாம். "நீங்களே ஒரு பேர் சொல்லுங்கோ அம்மா" என்றான். நான் யோசித்தேன். பீரங்கிக்கு வைக்க என்னிடம் ஒரு பெயரும் இல்லை. "பேர் வேண்டாம் தம்பி" என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. வெள்ளையில் 7 என்று ஓர் இலக்கம் மட்டும் எழுதினான்.

மிச்சம் இருந்த நுரைமட்டையில் அவன் இன்னொன்று செய்தான், என்னிடம் கேட்காமலே. ஒரு சின்ன வீடு. பக்கத்தில் ஒரு மேடு, அதன் மேல் வரிசையாக ஐஸ்கிறீம் தடிகளைக் குற்றியாக அடுக்கி, கீழே ஒரு வாசல். மேசையில் மலை, மதில் வைப்பதுபோல் அதையும் வைப்பானாம். அதன் மேல் யாரும் அடிக்கக் கூடாது என்று தங்களுக்குள் ஒரு விதி போட்டிருக்கிறார்களாம். கம்பெனிப் புத்தகத்தில் இல்லாத விதி.

போன சனிக்கிழமை குழுவிலிருந்து மூன்று பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மீன் றோல்ஸ் பொரித்து வைத்தேன், பதினாறும் முடிந்தது. அவர்கள் தாயக்கட்டை உருட்டும்போது நான் குசினிக்குள்தான் நின்றேன். பீரங்கி அடிக்கிற முறை வரும்போது இன்னும் எனக்கு வயிற்றுக்குள் ஒரு மாதிரித்தான் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் போகும்போது அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கசகசாத் தறையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டான். என் மகன் சிரித்துக்கொண்டு குசினிப் பக்கம் கையைக் காட்டினான். அவன் அப்படிச் சிரித்து நான் கண்டு ஒரு வருடமாகிறது.

உங்கள் வீட்டிலும் பொத்தானோ மூடியோ காணாமல் போனால், திட்டுவதற்கு முன் கட்டிலுக்குக் கீழே ஒருமுறை பாருங்கள். பீரங்கிதான் செய்ய வேண்டும் என்றில்லை. இதே பெட்டி, இதே பொத்தான் சக்கரத்தில் உழவு இயந்திரமும் வரும், தண்ணீர் வண்டியும் வரும். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். அடுத்த இதழில் மிஞ்சிய கம்பளி நூலில் காலுறை பின்னுவது பற்றிச் சொல்கிறேன். குளிர் வரப்போகிறது அல்லவா?